மிடி வரவில்லை

தமிழ் படித்தவர்களுக்கு ‘மிடி’ என்ற சொல் வறுமையைக் குறிக்கும். எங்கள் வாப்பா 34 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். 1998ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்கள். மாடியறையில் காக்காவும் நானும் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். “காக்கா, மிடி வரவில்லை!” “வயரை மாற்றிச் செருகு. இப்பொழுது வருகிறதா?” “இல்லை, இன்னும் மிடி வரவில்லை!” சற்று நேரம் பொறுத்துப் பார்த்த வாப்பா, படியேறி வந்து வாசற்படியில் நின்றார்கள். “மிடி வரவில்லையென்றால் மகிழ வேண்டியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை?” என்று கேட்டார்கள்.

காக்கா சிரித்த சிரிப்பில் அவர் கண்களில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அஃது ஒரு வழக்காயிற்று. மாதக் கடைசியில் கையில் காசில்லாத நாள்களில், “தம்பி, கேபிள் இல்லாமலே மிடி வந்துவிட்டது” என்பார் காக்கா.

வாப்பா சொன்ன மிடி வேறு. காக்கா தேடிய மிடி வேறு. இசைக்கருவிகளை எண்களின் வழியாக இணைக்கும் ஓர் ஏற்பாட்டைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே காக்காவின் மிடி. அது தோன்றுவதற்கு முன், ஒரு நிறுவனம் செய்த மின்னிசைக் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. 1981இல் டேவ் ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்ற கருத்தை ஒலிப் பொறியாளர்களின் அவையில் முன்வைத்தார். ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி அதே எண்ணத்தோடு அங்குள்ள நிறுவனங்களைக் கூட்டிப் பேசினார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரு வேறு நாட்டு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றின் கட்டையை அழுத்தினால் மற்றதும் ஒலித்தது. அந்த மொழியைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். வணிகர்கள் கூடி இப்படியொரு காரியத்தைச் செய்தார்கள் என்பதே எனக்கு இன்றளவும் வியப்பாக இருக்கிறது.

மிடி என்பது ஒலியன்று. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்பொழுது விட்டது என்ற குறிப்பு மட்டுமே அதில் உண்டு. கீபோர்டின் நடுவிலிருக்கும் ‘ஸி’ என்ற சுரத்தின் எண் 60. அழுத்தம் 127க்கு மேற்போகாது. வயரில் நொடிக்கு 31,250 துணுக்குகள் என்ற வேகத்தில் இச்செய்திகள் ஓடும். ஒரு சுரத்தை எழுப்பச் சொல்லும் செய்தி போய்ச் சேர ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. கடிதத்தைக் கொண்டுபோகும் தபால்காரருக்குக் கடிதத்திலுள்ள துக்கமும் மகிழ்ச்சியும் தெரியாதல்லவா? அதுபோல வயருக்கும் பாட்டுத் தெரியாது. பெறுகின்ற கருவி வயலினாக இருந்தால் வயலினாக ஒலிக்கும், மேளமாக இருந்தால் மேளமாக ஒலிக்கும்.

இசையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இருவேறு கருத்துகள் இருந்தன. அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. காக்கா பகலெல்லாம் ஒரு கடையில் கணக்கு எழுதினார். இரவில் மாடியறையில் சிறுவர் பாடல்களுக்கும் பள்ளி நாடகங்களுக்கும் இசை அமைத்தார். அதற்காக எவரிடமும் பெருந்தொகை வாங்கியவர் அல்லர்.

அக்காலத்தில் வயர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கருவியின் பின்புறம் ஐந்து முள் பொருந்தும் வட்டமான துளைகள் இருக்கும். உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று, வந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கடத்திவிடுவதற்கு ஒன்று. வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று சந்தேகம் வந்தால், கையால் பற்றிக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்து போனால் அடுத்த முனை கிடைத்துவிடும். காக்கா சிவப்பு, பச்சை நாடாக்களைச் சுற்றி வைத்திருந்தார். குழப்பம் வந்தாலும் அது கைக்கு எட்டும் குழப்பமாக இருந்தது.

கணினி வந்த பிறகு அந்த வயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இசையை எழுதி வைக்கும் மென்பொருள் ஒன்று, ஒலியைத் தரும் மென்பொருள் மற்றொன்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போக வேண்டும், ஆனால் இடையில் வயர் செருகத் துளையேது? அதற்காகத்தான் மெய்நிகர் போர்ட் என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். போர்ட் என்பதை வாப்பாவிடம் சொன்னபொழுது, “துறை என்று சொல்லுங்கள். நம் பாட்டனார்மார் தோணி கட்டிய துறைதான்” என்றார்கள். மெய்யாக ஒன்றும் இல்லை. ஆயினும் மென்பொருள்கள் அங்கே ஒரு துறை இருப்பதாக நம்பிச் சரக்கை இறக்கும், ஏற்றும். ஆகவே நானும் துறை என்றே எழுதுகிறேன்.

ஆப்பிள் கணினிகளில் ஐஏசி டிரைவர் என்ற பெயரில் இந்த ஏற்பாடு உள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும். அதற்கென உள்ள சாளரத்தைத் திறந்து, ‘இயங்குகிறது’ என்பதற்கு எதிரே ஒரு குறி இட்டால் விழித்துக்கொள்ளும். காக்காவிடம் இருந்தது விண்டோஸ் கணினி. அதற்கு லூப்மிடி என்றொரு சிறு மென்பொருளைப் பயன்படுத்தினார். ஒரு கட்டத்தில் பெயரைத் தட்டி, கூட்டல் குறியை அழுத்தினால் ஒரு துறை பிறந்துவிடும். கழித்தல் குறியை அழுத்தினால் மறைந்துவிடும். ஒவ்வொரு துறைக்கும் எதிரே, இதுவரை எவ்வளவு செய்தி கடந்து போயிற்று என்ற எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெயர் ஒன்றும் வைக்காவிட்டால் கணினி தானே ஒன்றை வைத்துவிடும். ஆப்பிளில் பஸ் 1, பஸ் 2 என்று வரும். மற்றதிலும் ஒரே பெயர், கடைசி எண் மட்டும் மாறும். பஸ்ஸுக்கு எண் போதும் என்பது பெருநகரத்தாரின் நினைப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தனியார் பஸ்களுக்குப் பெயர்தான். எண்ணைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. காக்காவும் ஒருபொழுதும் எண்ணை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு துறையில் 16 சேனல்கள் உண்டு, ஆகவே ஏழெட்டுக் கருவிகளுக்கு ஒரே துறை போதுமே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “எண்ணுக்கு முகம் இல்லை, தம்பி” என்று சொல்லிவிட்டு, கருவிக்கு ஒரு துறையாக உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தில் ஒருவரின் உறவுமுறையைப் பெயராக வைத்தார். வாப்பா, உம்மா, லாத்தா, தம்பி என்று மென்பொருளின் பட்டியலில் எங்கள் வீடே நின்றது. அவர் வைத்திருந்த மென்பொருள்களில் ஒன்று தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாகக் காட்டியதால், அப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

நான் கணினித் துறையில் வேலை பார்க்கிறவன். ஒழுங்கு இல்லாத பட்டியலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. 2014இல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபொழுது, காக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பட்டியலைத் திருத்தினேன். பழைய துறைகளை அழித்துவிட்டு, எதிலிருந்து எதற்கு என்று தெளிவாகச் சொல்லும் நீண்ட பெயர்களில் புதிய துறைகளை உண்டாக்கினேன். எழுதும் மென்பொருளின் பெயர், ஒலி தரும் மென்பொருளின் பெயர், கருவியின் பெயர், வரிசை எண் ஆகிய யாவும் அதில் அடங்கியிருந்தன. மனத்திற்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரவு காக்கா வந்து ஒரு பாட்டைத் திறந்தார். கோடு நகர்ந்தது, சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்தன, ஆனால் ஓர் ஒலியும் எழவில்லை. பிழை என்று ஒரு வார்த்தையும் திரையில் வரவில்லை. இந்த ஏற்பாட்டின் கொடுமையே அதுதான். வயர் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். இங்கோ, பாட்டைச் சேமித்த கோப்பு தன் தடங்கள் போக வேண்டிய துறையைப் பெயரால் நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் துறை இல்லையென்றால், பல மென்பொருள்கள் செய்தியைக் காற்றில் விட்டுவிட்டு ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருக்கும். வயருக்கு உடம்பு உண்டு, பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. மெய்நிகர்த் துறைக்குப் பெயர்தான் உடம்பு. அதை மாற்றியவன் சீட்டை மாற்றியவன் அல்லன், துறையையே இடித்தவன். இந்த வேறுபாடு அத்தனை ஆண்டுகள் கணினியோடு பழகிய எனக்கு அன்று தோன்றவில்லை.

என் நீண்ட பெயர்களுக்கு நேர்ந்த கதி அதைவிட வேடிக்கையானது. விண்டோஸின் பழைய முறையில் துறையின் பெயர் 31 எழுத்துகளுக்கு மேல் போகாது, மிஞ்சியது வெட்டப்படும். நான் வேறுபாட்டையெல்லாம் பெயரின் கடைசியில் வைத்திருந்தேன். ஆகவே பட்டியலில் நான்கு துறைகள் எழுத்து மாறாமல் ஒரே பெயரோடு நின்றன. பார்த்துவிட்டுக் காக்கா ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. “பெயர் வைத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். பிறகு என் துறைகளை அழித்து, தம் துறைகளை நினைவிலிருந்தே மீண்டும் எழுதினார். அவசரத்தில் நான் ஒரு துறையைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அழித்துவிட்டேன். சுரத்தை எழுப்பு என்ற செய்தி போய்விட்டது, நிறுத்து என்ற செய்தி போவதற்கு வழியில்லாமல் போயிற்று. ஒரே ஒரு வயலின் சுரம் நிற்காமல் அழுதுகொண்டே இருந்தது. இப்படி ஆவதுண்டு என்பதால், ஒலிக்கின்ற சுரங்களையெல்லாம் ஒருசேர அடக்கும் கட்டளையையும் மிடி மொழியில் சேர்த்திருக்கிறார்கள். அதன் எண் 123. ஆனால் துறையே போன பிறகு அந்தக் கட்டளையை எதன் வழியாக அனுப்புவது? காக்கா ஒலி தரும் மென்பொருளை மூடித்தான் அந்த அழுகையை நிறுத்தினார்.

அன்றிரவு வெகுநேரம் நாங்கள் துறைகளின் பெயர்களைப் பற்றியே வழக்காடிக்கொண்டிருந்தோம். ஒரே துறை எழுதும் மென்பொருளில் வெளியே போகும் வாயிலாகத் தோன்றும். ஒலி தரும் மென்பொருளில் உள்ளே வரும் வாயிலாகத் தோன்றும். ஆகவே ‘வயலினுக்கு’ என்று பெயர் வைத்தால் அனுப்புகிறவனுக்குப் பொருந்தும், பெறுகிறவன் பட்டியலில் பொருளற்றுப் போகும். ‘எழுத்திலிருந்து’ என்று வைத்தால் நிலை தலைகீழாகும். எந்தப் பக்கம் நின்று பெயர் வைப்பது? இரு பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. “எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாத பெயராக வை, உம்மா எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் உம்மாதானே?” என்பது காக்காவின் கட்சி. கருவி எது என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லையே என்று கேட்டேன். “எனக்குத் தெரியும்” என்றார். “உங்களுக்குப் பிறகு வருகிறவனுக்கு?” என்று கேட்டேன். அதற்கு அவர் மறுமொழி சொன்னதாக நினைவில்லை.

லூப்மிடி என்ற பெயரிலேயே சுழல் இருக்கிறது. துறையின் ஒரு வாயிலில் இட்டது மறுவாயிலில் அப்படியே வரும். வந்ததை மென்பொருள் திரும்பவும் அதே துறைக்கு அனுப்பிவிட்டால், ஒரே சுரம் செக்குமாடுபோலச் சுற்றிச் சுற்றிப் பெருகி, கணினியைத் திணற வைக்கும். அப்படி நேர்ந்தால் கண்டுகொண்டு துறையின் வாயை அடைக்கும் காவலும் அதில் உண்டு. எங்கள் வழக்கும் அன்று அவ்வாறுதான் சுழன்றது, உம்மா வந்து, “விடிந்தால் வேலைக்குப் போக வேண்டாமா?” என்று கேட்டு அடைத்துவைத்தார்கள்.

2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். அவருக்கு வயது 52.

மாடியறைக் கணினி மூன்றாண்டுகள் துணி போர்த்தியபடி இருந்தது. 2022இல் ஒருநாள் அதை எழுப்ப முயன்றபொழுது அது எழவில்லை. நல்லவேளையாக, காக்காவின் மகள் முன்னதாகவே பாட்டுகளின் கோப்புகளை எல்லாம் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து வைத்திருந்தாள். அவள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். மறு ஆண்டு ஒருநாள் இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினாள். “சாச்சா, வாப்பா கடைசியாகச் செய்த பாட்டு திறக்கிறது, ஆனால் பேசவில்லை” என்றாள். பேசவில்லை என்ற சொல்லைத்தான் அவள் சொன்னாள்.

காக்கா 2018இல் தொடங்கி முடிக்காமல் விட்ட பாட்டு அது. மகளுக்காகச் செய்வதாக வீட்டில் சொல்லியிருந்தாராம். அவளிடம் இருந்தது ஆப்பிள் கணினி. அதே மென்பொருள் அதிலும் ஓடும். நான் தொலைபேசியிலேயே சொல்லி, ஐஏசி டிரைவரை விழிக்கச் செய்து, துறைகளை உண்டாக்கச் சொன்னேன். அங்கே வேறொரு சங்கடம் வந்தது. அந்தக் கணினியில் துறையின் பெயருக்கு முன்னால் டிரைவரின் பெயரும் ஒட்டிக்கொண்டு தோன்றிற்று. கோப்பு கேட்பது ‘உம்மா’. கணினி காட்டுவதோ ‘ஐஏசி டிரைவர் உம்மா’. நம் வீட்டுப் பிள்ளையைப் பட்டத்தோடு அழைத்தால் அது திரும்பிப் பார்க்குமா? ஆகவே ஒரு பழைய விண்டோஸ் கணினியை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளும் வந்தாள்.

பாட்டின் கோப்புகள் யாவும் இருக்க, துறைகள் மட்டும் ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். துறைகள் பாட்டின் கோப்பில் இருப்பதில்லை. லூப்மிடி அவற்றைக் கணினியின் சொந்தப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பாட்டைப் படியெடுத்தால் துறையின் பெயர் மட்டுமே உடன் வரும், துறை வராது. கணினி மாண்டால் துறைகளும் அதனோடு போய்விடும். பாட்டுகளைப் படியெடுக்கிறவர்கள், துறைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லித்தருவதில்லை. திரையை ஒரு படம் பிடித்து அந்தக் கோப்பின் பக்கத்திலேயே போட்டு வைத்தாலும் போதும். எங்களுக்கு அதுவும் இல்லை.

அந்த மென்பொருள் ஓர் உதவி செய்தது. பாட்டைத் திறந்தவுடன், காணாமற்போன துறைகளின் பெயர்களை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுப் பட்டியல் காட்டிற்று. ஏழு பெயர்கள். வாப்பா, உம்மா, லாத்தா, தம்பி, வீட்டில், மகள், ஏழாவதாகப் ‘புதியது 2’. அவள் முதற்பெயரைச் சுட்டி, “இஃது என் வாப்பாவா, உங்கள் வாப்பாவா?” என்று கேட்டாள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மாறாத பெயர் என்று காக்கா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. மாறுகிறது காக்கா, தலைமுறை மாறினால் மாறுகிறது என்று மனத்திற்குள் சொல்லிக்கொண்டேன். ‘வீட்டில்’ என்றால் என்ன என்றும் கேட்டாள். மனைவியின் பெயரைச் சொல்லக் கூசும் எங்கள் தலைமுறை ஆண்கள், ‘வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன்’ என்று சொல்வதை இக்காலப் பிள்ளைகள் எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்? விளக்கியபொழுது, கதவருகே நின்றிருந்த என் மச்சி உள்ளே போய்விட்டார்கள்.

ஏழு துறைகளையும் அதே எழுத்துகளில் உண்டாக்கினோம். ஆங்கில எழுத்தில் ‘எம்’ ஒன்றா இரண்டா, ‘ஏ’ எத்தனை என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். துறைகளை முதலில் உண்டாக்கிவிட்டு, அதற்குப் பிறகே மற்ற மென்பொருள்களைத் திறக்க வேண்டும். சில மென்பொருள்கள் எழுந்திருக்கும்போது ஒருமுறை மட்டுமே துறைகளைத் தேடும், பிறகு பிறந்த துறை அவற்றின் கண்ணில் படாது. அவ்வாறே செய்தோம். ஒலி தரும் மென்பொருளின் தொகுப்பும் வட்டில் இருந்தது. அதுவும் தன் பங்குக்குப் பெயர்களைத் தேடிக் கண்டுகொண்டது.

பாட்டு பேசிற்று. காக்கா எதற்கு எந்தப் பெயரை வைத்தார் என்பது அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாப்பா என்பது பேஸ் ஒலி. நான்கு அடிக்கு ஒருமுறை பேசும், ஆனால் மற்ற யாவும் அதன்மேல்தான் நின்றன. உம்மா என்பது ஆர்மோனியம். லாத்தா மாண்டலின், அவசரமாக ஓயாமல் பேசிற்று. அவர்கள் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். மகள் புல்லாங்குழல். தம்பி என்பது தபேலா. அந்தத் தடத்தின் பண்புகளைத் திறந்து பார்த்தபொழுது, ஆயிரத்தில் 15 நொடி அளவுக்குத் தாமதம் வைத்திருந்தார். ஒரு தடம் மற்றவற்றுக்கு முன்னால் ஓடினால், அதை இழுத்துப் பிடிப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. மற்ற எந்தத் தடத்திற்கும் அப்படியொரு தாமதம் இல்லை. தம்பி என்ற பெயருள்ள தடத்தை மட்டும் இழுத்துப் பிடித்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆயினும் பாட்டு எங்கோ பொள்ளலாக இருந்தது. ‘வீட்டில்’ என்ற துறை இன்னும் காணவில்லை என்றே மென்பொருள் சொல்லிக்கொண்டிருந்தது. எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. துறையை அழித்துவிட்டு மறுபடியும் உண்டாக்கினோம், அப்பொழுதும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு நான் சலித்துப் போய் எழுந்தேன். அந்தத் தடத்தைக் கையால் வேறொரு துறைக்குத் திருப்பிவிடலாம், அது பெரிய காரியமன்று என்றேன். அவள் ஒப்பவில்லை. “வாப்பா வைத்த பெயரிலேயே வர வேண்டும்” என்றாள். 2014இல் நான் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது.

சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், “சாச்சா, இந்த மேற்கோள் குறியைப் பாருங்கள்” என்றாள். மற்ற ஆறு பெயர்களிலும் கடைசி எழுத்தை ஒட்டியே குறி மூடியிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் குறி ஒரு மயிரிழை விலகி நின்றது. பெயரை எழுதிய காக்கா, கடைசியில் இடைவெளிக் கட்டையைத் தெரியாமல் ஒருமுறை தட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடமும் பெயரின் ஒரு பகுதிதான் என்பது கணினியின் கணக்கு. ‘வீட்டில்’ என்று எழுதி, ஓர் இடைவெளியும் விட்டு, கூட்டல் குறியை அழுத்தினாள். மென்பொருள்களை மூடித் திறந்தோம்.

வயலின் கூட்டம் வந்தது. தனியாகக் கேட்டால் அதில் ஒன்றுமில்லை. நீண்ட நீண்ட சுரங்கள், அழுத்தம் 40ஐத் தாண்டவில்லை. மற்றவை எல்லாம் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டு, அது வந்த பிறகு ஒரு வீடாயிற்று. என் மச்சி அடுப்படியிலிருந்து வந்து, முடியும் வரை நின்று கேட்டார்கள். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார்கள். உம்மாவையும் கைத்தாங்கலாக மேலே அழைத்து வந்தோம். வாப்பா இதைக் கேட்க இல்லை. அவர்கள் 2016லேயே இறையடி சேர்ந்துவிட்டார்கள்.

பாட்டு முடியாத இடத்தில்தான் நிற்கிறது. இரண்டாம் சரணத்தில் புல்லாங்குழல் பாதியில் நின்றுவிடும், தபேலா மட்டும் எட்டு அடி போய் ஓயும். அவள் அதை முடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். துறைகளின் பெயர்களை, அந்த வெற்றிடத்தையும் ஒரு குறிபோட்டுக் காட்டி, தாளில் எழுதி மாடியறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கருவியின் பெயரும் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்தபொழுது என் கட்சி வென்றதா, காக்காவின் கட்சி வென்றதா என்று எனக்கு விளங்கவில்லை.

‘புதியது 2’ என்ற துறை மட்டும் எதற்கென்று தெரியவில்லை. அதனோடு இணைந்த தடத்தில் ஒரு சுரமும் இல்லை; ஒலி தரும் மென்பொருளிலும் அதற்கு எதிராக ஒன்றும் இல்லை. ‘புதியது 1’ எங்கே என்று தேடினோம், மற்ற எந்தப் பாட்டிலும் இல்லை. சோம்பலில் வைத்த பெயர்தான் என்று தோன்றுகிறது. பெயர்களில் அவ்வளவு கவனமாயிருந்தவரும் ஒருநாள் அப்படிச் செய்திருக்கிறார். அதை அழித்துவிடலாமா என்று அவள் கேட்டாள். இருக்கட்டும் என்றேன். கணினியை இயக்கும்போதெல்லாம் மற்ற ஆறோடு அந்தத் துறையும் எழுந்து நிற்கிறது. கடந்துபோன செய்தியின் அளவைக் காட்டும் எண்கள் மற்றவற்றுக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே இன்றும் 0 என்றே இருக்கிறது.